சுழலும் மண்வெட்டி

நிலத்தைப் பண்படுத்தும் தொழிலுக்கு நம்மவர் வைத்திருக்கும் சொற்கள் எத்தனையோ இருந்தாலும், கூர்ந்து பார்த்தால் அவை இரண்டே குலத்தைச் சேர்ந்தவை என்பது விளங்கும்: ஒன்று உழுதல், மற்றொன்று கொத்துதல். மாடு பூட்டி ஏர் ஓட்டுகிறவன் உழுகிறான். அந்த ஏர் எட்டாத வரப்போரத்திலும் நான்கு மூலையிலும் மண்வெட்டியோடு நிற்கிறவன் கொத்துகிறான். முன்னது கௌரவமான காரியமாகவும் பின்னது அதற்கு எடுபிடியாகவும் கருதப்பட்டு வந்திருக்கிறது. சித்திரையில் நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டுகிறோம். நாள் பார்த்து மண்வெட்டியைத் தோளில் ஏற்றியவரை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் யந்திர சாஸ்திரத்துக்கு இந்த ஜாதி வித்தியாசம் தெரியாது. கலப்பை தானாக ஒன்றும் செய்வதில்லை. வெளியே ஒரு பிராணி தரையில் காலூன்றி இழுத்தால்தான் கொழு நகரும், அந்தப் பிராணியின் கால் வழுக்கினால் கொழுவும் நின்றுவிடும். மண்வெட்டியின் சங்கதி வேறு. தோளின் பலம் காம்பின் வழியே இறங்கி நேராக இரும்பின் வாயிலே போய்ச் சேர்கிறது. இடையில் இழுப்பும் இல்லை, வழுக்கலும் இல்லை. மோட்டாரைக் கொண்டு நிலத்தைப் பண்படுத்த முயன்றவர்களின் சரித்திரம் முழுவதும், இந்த இரண்டில் எதனுடன் எஞ்சினைச் சேர்ப்பது என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் எல்லோரும் கலப்பையோடுதான் சேர்த்தார்கள். நீராவி எஞ்சின் என்பது வைக்கோல் தின்னாத குதிரை என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்து நம்பியது. குதிரை என்றால் அதைக் கலப்பையில் பூட்டத்தானே வேண்டும்! ஆனால் இந்த இரும்புக் குதிரையோ பல டன் எடை கொண்டது. ஈர நிலத்தில் இறங்கினால் அச்சுவரை புதைந்துவிடும், புதையாத இடத்தில் மண்ணை நசுக்கித் தெருவாக்கிவிடும். அதனால் ஜான் பௌலர் என்பவர், எஞ்சினை வயலுக்குள் விடாமல் ஒரு கரையில் நிறுத்தி, எதிர்க்கரையில் நங்கூரம் போன்ற ஒரு வண்டியை வைத்து, இரும்புக் கம்பி வடத்தினால் கலப்பையை இங்குமங்கும் இழுக்கிற உபாயத்தைக் கண்டுபிடித்தார். குதிரையைவிடச் சிக்கனமாக நீராவியால் உழுவதற்கென்று இங்கிலாந்தின் ராயல் விவசாய சங்கம் வைத்திருந்த 500 பவுன் பரிசு, 1858-ஆம் வருஷம் செஸ்டர் நகரப் பொருட்காட்சியில் அவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் இரண்டு கரைக்கும் இரண்டு எஞ்சின்கள் என்று அந்த முறை வளர்ந்தது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், என்றாலும் இரண்டு எஞ்சின்களையும், நெடிய வடத்தையும், அவற்றைக் கட்டி மேய்க்க ஒரு சிறு பட்டாளத்தையும் வைத்துக்கொள்ளப் பெரிய பண்ணைகளாலும், வாடகைக்கு உழும் கம்பெனிகளாலும் மட்டுமே முடிந்தது. ஓர் ஏர் நிலத்துக்காரனுக்கு அதில் இடமில்லை.

எதிர்த்திசையில் யோசித்தவர்களும் அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. எடின்பரோவைச் சேர்ந்த ஜேம்ஸ் அஷர் 1849-இல் காப்புரிமை பெற்ற நீராவி யந்திரத்தில், வண்டியின் பின்புறம் குறுக்கே ஓர் அச்சு. அந்த அச்சைச் சுற்றிலும் கலப்பைக் கொழுக்கள். அச்சு சுழலச் சுழலக் கொழுக்கள் முறைவைத்து மண்ணில் இறங்கிப் பெயர்த்து எழும். அப்படிப் பெயர்க்கும்போது மண் கொடுக்கிற எதிர்ப்பே வண்டியை முன்னால் தள்ளவும் செய்யும். கலப்பையின் உடலை வைத்துக்கொண்டே மண்வெட்டியின் உயிரை அதற்குள் புகுத்தப் பார்த்த முயற்சி என்று இதைச் சொல்லலாம். மூன்று வருஷங்களுக்குப் பிறகு, 1852-இல், சாண்டோஸ் ரென் ஹாஸ்கின்ஸ் என்ற நிலப்பிரபு ‘டால்பா’ என்ற பெயரில் ஒரு விநோதமான புத்தகம் வெளியிட்டார். களிமண் பண்ணை ஒன்றைக் கட்டி மேய்த்த தம் அநுபவத்தை ஹாஸ்யமாகச் சொல்லிக்கொண்டு போகிற நூல் அது. லண்டன் செயின்ட் பால் கோவிலைக் கட்டிய சிற்பி கிறிஸ்டபர் ரென்னின் வம்சத்தில் பெண்ணெடுத்து, அந்தப் பெயரையும் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர் அவர். கட்டடக் கலை சம்பந்தத்தினால் வந்த புத்தியோ என்னவோ, வடிவத்துக்கும் சக்திக்கும் உள்ள உறவை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். டால்பா என்பது லத்தீன் மொழியில் மண்ணைத் துளைத்து வாழும் ஓர் எலிபோன்ற பிராணியின் பெயர். இழுப்பது குதிரைக்கு இயல்பு, சுழல்வது எஞ்சினுக்கு இயல்பு. சுழல்கிற ஒன்றைக் கட்டியிழுக்கிற வேலையில் போடுவது மதியீனம். அந்தப் பிராணி நகத்தால் பறிப்பதுபோல, சுழலும் நகங்களால் மண்ணைச் சுரண்டித் தள்ளச் சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கையின் சாரம். கொள்கை அற்புதமானது. செய்து காட்டத் தக்க எஞ்சின் அப்போது பிறக்கவில்லை.

அது பிறக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. பெட்ரோலில் ஓடும் எஞ்சினும் மின்சார மோட்டாரும் வந்தபிறகுதான், பத்துக் குதிரை பலத்தை நாலு பேர் தூக்கக்கூடிய கனத்தில் அடைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரைச் சேர்ந்த கொன்ராட் ஃபொன் மேயென்பர்க், 1910-ஐ ஒட்டிய வருஷங்களில், ஹாஸ்கின்ஸ் கண்ட கனவுக்கு ஏறக்குறைய அப்படியே உருவம் கொடுத்தார். உருளை ஒன்றைச் சுற்றி வளைந்த நகங்கள். ஒவ்வொரு நகத்தின் அடியிலும் எஃகுச் சுருள்வில். கல்லோ வேரோ தட்டுப்பட்டால் நகம் ஒடியாமல் பின்வாங்கி, தடை நீங்கியதும் பழையபடி பாயும். ஜெர்மனியின் ஸீமென்ஸ் ஸ்தாபனம் உரிமையை வாங்கிக்கொண்டு செய்தது. ஜினீவாவில் சிமார் என்ற பெயரிலும் இந்த வகை யந்திரங்கள் உற்பத்தியாயின. தோட்டக்காரர்களும் கண்ணாடி வீட்டில் பயிர் வளர்ப்பவர்களும் இவற்றை ஆசையோடு வாங்கினார்கள். மண்ணை மாவாக அரைத்துக் கொடுப்பதில் இந்த வில்நகங்களுக்கு நிகரில்லை. ஆயினும் அது பூந்தோட்டத்துச் சுகவாசி. புல் மண்டிக் கட்டாந்தரையாகக் கிடக்கும் அகன்ற வெளியில் இறக்கினால் வில்நகம் மண்ணை வெட்டாது, தடவிவிட்டுத் திரும்பிவிடும்.

அமெரிக்கர்கள் இதே காலத்தில் மோட்டார் கல்டிவேட்டர் என்று ஒன்று செய்து கையைச் சுட்டுக்கொண்டதையும் இங்கே சொல்லி நகர்ந்துவிடலாம். சோளப் பயிரின் வரிசைகளுக்கு இடையே களையெடுக்கும் சாதனம் அது. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1917, 1918-ஆம் வருஷங்களில் விற்ற யந்திரத்தில், திசை திருப்புகிற பின்சக்கரத்துக்கு நேர்மேலே எஞ்சினை உயரத் தூக்கி உட்கார வைத்திருந்தார்கள். தலைக்கனம் மிகுந்ததால் சரிவான நிலத்தில் அது குப்புறச் சாய்ந்தது, விலையும் கட்டவில்லை. அந்தத் தோல்வியிலிருந்து பாடம் கற்று 1924-இல் ஃபார்மால் என்ற புகழ்பெற்ற டிராக்டரைக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்களுடைய சாமர்த்தியம். ஆனால் அங்கும் எஞ்சின் குதிரையாகத்தான் இருந்தது. இழுக்கிற குதிரை சற்றே ஒழுங்காக நடக்கப் பழகிக்கொண்டது, அவ்வளவுதான்.

இனி நாம் போகவேண்டிய இடம் ஆஸ்திரேலியா. நியூ சௌத் வேல்ஸ் மாகாணத்தின் உள்நாட்டில், காஸல்ரே என்ற ஆற்றங்கரையில் கில்காண்ட்ரா என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோதுமையும் ஆடும் அதன் ஜீவனம். மழை பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. 1915-ஆம் வருஷம் யுத்தத்தில் சேர்வதற்காகச் சில வாலிபர்கள் அந்த ஊரிலிருந்து புறப்பட்டு, வழியெல்லாம் ஆள் சேர்த்துக்கொண்டு, 320 மைல் நடந்தே சிட்னி நகரம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதற்காகச் சரித்திரத்தில் அதற்கு ஓர் இடம் உண்டு. அதற்கு மூன்று வருஷம் முந்தி அங்கே ஒரு பண்ணையில் நடந்த சிறு சோதனையை அப்போது யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பண்ணைக்காரரின் மகன் ஆர்தர் கிளிஃபர்ட் ஹௌவர்ட். 1893-இல் குரூக்வெல் என்ற ஊரில் பிறந்து, பட்டறையில் தொழில் பயின்று கொண்டிருந்த பத்தொன்பது வயது இளைஞன். தகப்பனாரிடம் நீராவி டிராக்டர் ஒன்று இருந்தது. அது கலப்பையை இழுத்துக்கொண்டு போன தடத்தில் மண் இறுகிப் போவதை அவன் கவனித்தான். உழுவதன் நோக்கமே மண்ணை நெகிழ்த்துவதுதான். அந்த நெகிழ்ச்சியைச் செய்யப் போகிற யந்திரமே தன் எடையால் அதைக் கெடுத்துவிட்டால், வலக்கை கொடுத்ததை இடக்கை பறித்த கதையாகிறது. எடை ஏன் வேண்டியிருக்கிறது? இழுப்பதற்கு. சக்கரம் வழுக்காமல் இழுக்கவேண்டுமானால் கனமாக இருந்தாகவேண்டும். இழுக்கிற வேலையே இல்லாமற் செய்துவிட்டால்? 1912-இல் அவன், பல் வெட்டிய வட்டத் தகடுகள் வரிசையாகக் கோத்த உழவுக் கருவி ஒன்றை எடுத்து, அதன் அச்சுக்கு டிராக்டர் எஞ்சினிலிருந்து நேரே சுழற்சியைக் கொடுத்துப் பார்த்தான். இழுபட்டுத் தானாக உருளவேண்டிய தகடுகள், எஞ்சின் பலத்தால் சுழன்று மண்ணைப் பெயர்த்தன. மண் இறுகவில்லை. சோதனை பலித்தது.

பலித்தது என்றாலும் ஒரு குறை. சாய்ந்த தகடு சுழலும்போது மண்ணை ஒரே பக்கமாக வாரி எறிவது அதன் சுபாவம். யந்திரம் போன வழியின் ஒரு புறத்தில் வாய்க்கால், மறு புறத்தில் வரப்பு என்று ஆகிவிட்டது. வயலை மட்டமாக வைத்துக்கொள்ள விரும்புகிறவனுக்கு இது உதவாது. இந்தக் குறையை நீக்க ஹௌவர்ட் கண்ட பரிகாரமே அவன் பெயரை நிலைநிறுத்திற்று. எஞ்சினைப் பற்றியோ, பற்சக்கரத்தைப் பற்றியோ அவன் புதிதாக ஒன்றும் உலகத்துக்குச் சொல்லவில்லை, ஓர் இரும்புத் துண்டை எங்கே எப்படி வளைக்கவேண்டும் என்பதைச் சொன்னான். ஆங்கிலேயர் அந்த வடிவத்தை எல் எழுத்து என்பார்கள்; நமக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை, நம் டகரத்தை எழுதிப் பார்த்தால் போதும். மேலிருந்து நேரே இறங்கும் ஒரு கால், அதன் அடியில் பக்கவாட்டில் நீளும் ஒரு பாதம்.

இந்த டகரம் செய்யும் வேலையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது தகும். மெல்லிய அச்சு ஒன்று. அதன்மேல் தாராளமாக இடைவெளி விட்டுப் பொருத்திய வட்டத் தகடுகள். தகடுகளின் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கிய கத்திகள். கத்திகளிற் பாதி வலப்புறம் பாதம் நீட்டியவை, மற்றப் பாதி இடப்புறம் நீட்டியவை. அச்சு சுழன்று ஒரு கத்தி கீழிறங்கும்போது, நின்ற கால் மண்ணைச் சுவர்போல் செங்குத்தாக அறுக்கிறது. அதே கணத்தில் கிடந்த பாதம் அடியிலே புகுந்து அந்தத் துண்டத்தைத் தரையிலிருந்து பிரிக்கிறது. பிரித்ததைத் தன்மேல் ஏந்திக்கொண்டு சுழன்று பின்னால் எறிகிறது. வலப்பக்கத்துப் பாதம் மண்ணை எவ்வளவு ஒதுக்குமோ அவ்வளவை இடப்பக்கத்துப் பாதம் எதிர்த்திசையில் ஒதுக்குவதால், இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, மண் இருந்த இடத்திலேயே விழுகிறது. தகடுகளுக்கு இடையே இடைவெளி விட்ட காரணமும் இதனால் விளங்கும்: அந்த இடைவெளியின் அடியைப் பாதங்கள் பார்த்துக்கொள்கின்றன, மேலே வெற்றிடம் இருப்பதால் புல்லும் கட்டியும் சிக்கிக் கிடக்காமல் வழிந்துவிடுகின்றன. அச்சின் சுற்றளவைக் குறுக்கியதும் யோசனை இல்லாமல் செய்ததன்று. நெடிய காம்புள்ள மண்வெட்டியை ஓங்கினால் தோள் அதிகம் நோவது போல, கத்தி மையத்திலிருந்து எட்டப் போகப் போக எஞ்சினின் முறுக்குப் பலம் அதிகம் செலவாகும். சுற்றளவு குறைந்தால் சிறிய எஞ்சினே போதும்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். கத்தியின் நுனி மையத்திலிருந்து 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது என்றும், அச்சு நிமிஷத்துக்கு 200 தடவை சுற்றுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். நுனியின் வேகம் விநாடிக்கு ஐந்து மீட்டருக்குச் சற்று அதிகம். யந்திரமோ மணிக்கு இரண்டு மைல், அதாவது நிதானமாக நடக்கிற மனிதனின் வேகத்தில், நிமிஷத்துக்கு 54 மீட்டர் முன்னேறுகிறது. ஒரு சுற்றுக்கு 27 சென்டிமீட்டர் முன்னேற்றம். தகட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கத்திகள் என்றால், ஒரு கடிக்கு 9 சென்டிமீட்டர். இந்தக் கடியின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கியரை மாற்றி நடையைப் பாதியாக்கினால் கடியும் பாதியாகி மண் பொடிப்பொடியாகும். நடையைக் கூட்டினால் பெருங்கட்டிகளாக விழும். கலப்பை வைத்திருக்கிறவன் மண்ணைப் பொடியாக்க இரண்டு சால், மூன்று சால் என்று திரும்பத் திரும்ப உழவேண்டும். இங்கே ஒரே நடையில், கைப்பிடியை நகர்த்துவதைப் பொறுத்து, கட்டியும் புழுதியும் வேண்டியபடி கிடைக்கும். கத்திகளுக்குப் பின்னே கவிந்திருக்கும் தகர மூடிக்கும் இதில் பங்கு உண்டு. எறியப்பட்ட கட்டி அதில் மோதி உடைகிறது. மூடியைத் தாழ்த்தினால் தூளாகும், தூக்கிவிட்டால் கட்டி கட்டியாகவே கிடக்கும்.

இந்த ஏற்பாட்டில் விசித்திரம் ஒன்று உண்டு. கத்திகள் சக்கரம் உருளும் திசையிலேயே, அதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால், மண்ணில் ஊன்றும்போதெல்லாம் யந்திரத்தை முன்னால் தள்ளுகின்றன. அஷர் 1849-இலேயே எதிர்பார்த்த அதே காரியம். கலப்பை பின்னால் இருந்து பிடித்து இழுக்கும், இதுவோ பின்னால் இருந்து உந்தும். ஆகவே சக்கரம் இழுக்கவேண்டியதற்குப் பதிலாகச் சில சமயம் பிடித்து நிறுத்தவேண்டியிருக்கும். கட்டாந்தரையில் கத்தி இறங்க மறுத்தால், மொத்த யந்திரமும் கத்தியின் மேலேறிக் குதித்து ஓடப் பார்க்கும். கைப்பிடி பிடித்து நடக்கும் சிறிய வகைகளை ஓட்டியவர்களுக்கு இந்தத் துள்ளல் நன்றாகத் தெரியும். முரட்டுக் காளையைப் பழக்குவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. கல்லில் மோதினால் கத்தியோ பற்சக்கரமோ ஒடியாமல் இருக்க, எஞ்சினுக்கும் அச்சுக்கும் நடுவே வழுக்கிக் கொடுக்கும் ஒரு கிளட்ச் வைக்கிறார்கள். மேயென்பர்க் ஒவ்வொரு நகத்துக்கும் தனித்தனியே வைத்த வில்லின் வேலையை, மொத்த அச்சுக்கும் பொதுவாக இந்த ஒரே கிளட்ச் செய்துவிடுகிறது. இன்னொரு நுட்பம்: கத்திகளை அச்சின்மேல் நேர்வரிசையாக வைக்காமல் திருகுபோல் சற்றுச் சற்று முன்பின்னாக அமைப்பதால், எல்லாம் ஒரே கணத்தில் மண்ணை அறையாமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தாளம் தப்பாமல் இறங்குகின்றன. இல்லாவிட்டால் அதிர்ச்சியிலேயே யந்திரம் கழன்றுவிடும்.

உடன் தொழில் பயின்ற எவரார்ட் மக்கிளியரி என்ற நண்பனோடு கூட்டுச் சேர்ந்து இதை உற்பத்தி செய்ய ஹௌவர்ட் நினைத்திருந்தபோது மகாயுத்தம் குறுக்கிட்டது. மோட்டார் சைக்கிள் விபத்தொன்றில் அடிபட்டிருந்ததால் அவனைப் படையில் சேர்க்கவில்லை. இங்கிலாந்து சென்று வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலும் விமான எஞ்சின் வேலையிலும் காலம் கழித்தான். 1919-இல் திரும்பி வந்து, மறு வருஷமே காப்புரிமை பெற்றான். 1922 மார்ச்சில் ஆஸ்திரல் ஆட்டோ கல்டிவேட்டர்ஸ் என்ற கம்பெனி உண்டாயிற்று. 1927 முதல் சிட்னியின் புறநகரான நார்த்மீடில் தொழிற்சாலை நடந்தது. அக்காலத்தில் எங்கும் பரவியிருந்த ஃபோர்ட்ஸன் டிராக்டருக்குப் பின்னால் மாட்டுகிற கருவிகளைச் செய்தார்கள். இந்தக் கத்திகளின் பசிக்கு ஈடுகொடுக்கத்தக்க டிராக்டர் ஒன்றையும் டிஎச் 22 என்ற பெயரில் தாங்களே செய்தார்கள். 1938-இல் ஹௌவர்ட் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, எஸ்ஸெக்ஸ் ஜில்லாவின் கிழக்கு ஹார்ன்டனில் ரோட்டரி ஹோஸ் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1971-இல் காலமானார்.

கம்பெனியின் அந்தப் பெயரைக் கவனிக்கவேண்டும். ரோட்டரி ஹோ என்றால் சுழலும் மண்வெட்டி. தம் யந்திரத்துக்குக் கலப்பை என்ற கௌரவப் பெயரைச் சூட்டிக்கொள்ள ஆசைப்படாமல், அது எந்தக் குலத்தைச் சேர்ந்ததோ அந்தக் குலப்பெயரையே அவர் வைத்தார். பின்னாளில் வந்த வியாபாரப் பெயர்தான் இன்று நம் கிராமங்களில் எழுத்தறியாதவரும் சொல்கிற ரோட்டவேட்டர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எழுதி, கடைசி எழுத்திலிருந்து முன்னோக்கிப் படித்தாலும் அதே சொல்தான் வரும். நம் புலவர்கள் மாலைமாற்று என்று பாடினார்களே, அந்த ஜாதி. சுழல்கிற பொருளுக்கு முதலும் முடிவும் ஒன்றாய் இருக்கும் பெயர் வாய்த்தது பொருத்தம்தான்.

கிழக்கே ஜப்பானுக்கு இந்தத் தத்துவம் வேறு வழியாகப் போய்ச் சேர்ந்தது. 1920-களில் அங்கே சிமார் யந்திரங்கள் இறக்குமதியாயின; ஒகாயாமா பிரதேசத்துப் பட்டறைக்காரர்கள் அவற்றைப் பார்த்துத் தாமே செய்யத் தலைப்பட்டார்கள். ஆனால் அவர்கள் நிலம் நெல் நிலம். சேறும், அறுத்த தாளும், வைக்கோலும் நிறைந்தது. வில்நகத்தில் வைக்கோல் சுற்றிக்கொண்டு உருளையே பந்தாகிவிட்டது. அவர்களும் இரும்பைத்தான் மறுபடி வளைத்தார்கள். கூர்மூலை இருந்தால்தானே வைக்கோல் தங்கும்? மூலையே இல்லாமல், அரிவாளைப்போல் அடியிலிருந்து நுனிவரை மெல்ல வளைந்து திரும்பும் கத்தியைச் செய்தார்கள். வைக்கோல் அதன் முதுகில் வழுக்கிக்கொண்டு நழுவிப்போகும். 1960-களில் ஜப்பானியக் கூட்டுறவோடு இந்தியாவில் செய்யத் தொடங்கிய பவர் டில்லர்கள் இந்த வம்சத்தைச் சேர்ந்தவை. ஆகவே நம் ஊரில் கைப்பிடி பிடித்து நடத்துகிற டில்லரில் அரிவாள் வளைவும், டிராக்டருக்குப் பின்னால் சுழலும் ரோட்டவேட்டரில் டகர வளைவும் காண்பது தற்செயல் அன்று.

யாழ்ப்பாணத்தாருக்கு மூன்றாவது ஒரு பெயர் தெரியும். இரண்டு சக்கர உழவு யந்திரம் எதுவானாலும் அங்கே அதை லாண்ட்மாஸ்டர் என்றே சொல்வார்கள். கொழும்பில் பிறந்து கேம்பிரிட்ஜில் படித்த பொறியியலாளர் ரே விஜேவர்த்தன 1950-களில் வடிவமைத்து, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பக்கத்தில் உற்பத்தியான யந்திரம் அது. உஷ்ணப் பிரதேச நாடுகள் பலவற்றிலும் விற்பனையாயிற்று. அதைச் செய்த விஜேவர்த்தனவே பிற்காலத்தில், யந்திரத்தால் மாட்டின் வேலையைச் செய்தோமே தவிர விளைச்சலைக் கூட்டினோமா என்று பகிரங்கமாகக் கேட்கத் தொடங்கி, நைஜீரியாவின் இபாதான் ஆராய்ச்சி நிலையத்தில் உழாமலே பயிர் செய்யும் முறைகளை ஆராயப் போனார். தாம் பெற்ற பிள்ளையைத் தாமே குற்றக் கூண்டில் ஏற்றத் துணிந்த யந்திர சிற்பிகள் அதிகம் இல்லை; அந்த நேர்மைக்காகவே அவரை வணங்கலாம்.

குற்றச்சாட்டுகளில் உண்மை இல்லாமலும் இல்லை. சுழல்கத்தி மண்ணை அளவுக்கு மீறிப் பொடியாக்கும். பொடியான மண் அடுத்த மழையில் ஓடு கட்டும். ஆழ உழச் சொன்ன நம் முன்னோருக்கு இதன் ஆழமும் போதாது. எல்லாவற்றிலும் பெரிய குறை, அந்த டகரத்தின் பாதத்திலேயே இருக்கிறது. ஈரக் களிமண்ணில், நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை ஒரே ஆழத்தில் தடவிச் செல்லும் பாதம், கொத்தனார் கரண்டியால் தளம் மெழுகுவதுபோல் அடிமண்ணை மெழுகிவிடுகிறது; வருஷந்தோறும் இப்படிச் செய்தால் நீரும் வேரும் இறங்காத கெட்டித் தட்டு ஒன்று கீழே உருவாகும். மண் இறுகாமல் இருக்கவேண்டும் என்று கில்காண்ட்ராவில் தொடங்கிய யந்திரம், கண்ணுக்குத் தெரிந்த மேல்மண்ணை இளக்கிவிட்டுக் கண்ணுக்குத் தெரியாத அடிமண்ணை இறுக்குகிறது. கோதுமைக்காரனுக்கும், கரும்பும் வாழையும் வைத்தவனுக்கும் இது நஷ்டம்.

நெல் வைத்தவனுக்கோ இதுவே லாபம். நாம் தொளி கலக்குவதன் நோக்கமே, கட்டிய நீர் கீழே வடிந்து போகாதபடி வயலின் அடியை அடைப்பதுதான். மாட்டின் குளம்பும் கலப்பையும் பல சால் ஓட்டிச் செய்த அந்த வேலையை, டகரத்தின் பாதம் ஒரு நடையில் செய்துவிடுகிறது. மழை காணாத கோதுமைக் காட்டிலே பிறந்த கருவி, பிறந்த நிலத்தில் எதைக் குறையாகச் சுமந்ததோ, அதையே நன்செய்க்கு வந்து உபகாரமாக்கிக் கொண்டது. ஆகையால் நஞ்சைக்காரர் இதைத் தாராளமாக ஓட்டட்டும். புஞ்சையும் தோட்டக்காலும் வைத்திருப்பவர், வருஷம் தவறாமல் இதையே ஓட்டுவதை நிறுத்தி, இரண்டு மூன்று வருஷங்களுக்கு ஒருமுறையேனும் உளிக்கலப்பை விட்டு அடித்தட்டை உடைத்துக்கொள்ளவேண்டும்.

சந்தேகம் உள்ளவர்கள், அடுத்த நடவுக் காலத்தில் வரப்போரமாக டிராக்டர் ஒன்று நிற்கும்போது, எஞ்சின் அணைந்திருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, பின்னாலுள்ள மூடியைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த சேற்றுக்கு அடியில், பாதி வலப்புறமும் பாதி இடப்புறமும் திரும்பிய கத்திகள் தெரியும். நின்ற காலைவிடக் கிடந்த பாதந்தான் அதிகம் தேய்ந்து, பழைய கரண்டிபோல் பளபளவென்று இருக்கும்.